திரும்பி வந்த அங்கி

டேப் அக்காவை அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. அளவெடுக்கும் டேப் அவள் கழுத்தை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. கடையில் கிடப்பது சரி, சந்தைக்குப் போகும்போதும் கிடக்கும், சபையில் கண்ணை மூடி ஜெபிக்கும்போதும் கிடக்கும். "தூங்கும்போதாவது கழட்டுவீங்களாக்கா?" என்று பக்கத்துச் சாவிக் கடைக்காரர் கேட்டால், "கழட்டி வச்சா நீ எடுத்துட்டுப் போய் சாவிக்கு அளவெடுப்ப" என்பாள். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் வேலை தேடி வெளியூர் போனான். வேலை கிடைத்ததோ இல்லையோ, இன்னொருத்தி கிடைத்துவிட்டாள். சேதி வந்ததும் அக்கா கடையைச் சாத்திவிட்டு அழுது தீர்த்தாள். பிறகு திறந்தாள். அதற்கப்புறம் அந்த ஆளைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

அவளுக்கென்று இருந்த சொந்தம் ஒரே அண்ணன், லாரி ஓட்டுகிறவன். அண்ணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த மகளைத் தூக்கி வந்து, "கொஞ்ச நாளைக்கு வச்சுக்கம்மா" என்று தங்கச்சி மடியில் போட்டான். அந்தக் கொஞ்ச நாள் இன்றுவரை முடியவில்லை. பிள்ளை வயதுக்கு ரொம்பச் சின்னதாக இருந்ததால் அக்கா அவளைப் பொடிசு என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் வேறு பேர் இருந்தது, அது வருகைப் பதிவோடு சரி. பதினைந்து வயதில் அத்தையின் தலைக்கு மேல் வளர்ந்து நின்றபோதும் அவள் பொடிசுதான். சோறு உருட்டி வாயில் ஊட்டிய கைக்குப் பிள்ளை வளர்ந்தது லேசில் உறைக்காது.

அக்கா போகும் சபை தெருக்கோடியில் இருந்தது. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பாதி நேரம் கூச்சல் போடும் மைக். ஆனால் பாட்டுக் குழு பிரமாதமாக இருக்கும். வெள்ளை அங்கி போட்ட பெண் பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்று பாடுவார்கள். அந்த அங்கிகளைத் தைப்பது அக்காவின் ஊழியம். கூலி வாங்க மாட்டாள். பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குழுவுக்கு வருவார்கள். கல்யாணம் ஆகும்வரை அதே அங்கிதான். அதனால் தையலுக்கு உள்ளே இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டுத் தைப்பாள். உடம்பு வளர வளர, வருஷாந்திரக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை அளவெடுத்துப் பிரித்துவிடுவாள்.

அங்கி போட்டுக் குழுவில் சேரும் நாளில், கல்யாணம் வரைக்கும் தூய்மையாக இருப்பேன் என்று சபைக்கு முன்னால் அந்தப் பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டும். எதிலிருந்து தூய்மையாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்தது கிடையாது. கைதட்டி, படம் எடுத்து, பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு பெற்றவர்களுக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். எதிர்வீட்டுக்குக்கூடத் தனியாக அனுப்பாத பிள்ளையைப் பாட்டுப் பயிற்சி என்றால் எத்தனை மணிக்கும் அனுப்புவார்கள். அங்கியைப் போட்டுவிட்டால் மீதியைத் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

வாக்குத் தவறிய பிள்ளையை மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள். அவளுடைய அங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் அக்காவின் கடைக்கு வரும். அக்கா துவைத்து, பிரித்து, அடுத்து வரும் சின்னப் பிள்ளையின் அளவுக்குத் தைத்து வைப்பாள். சபையில் யாரும் 'அந்தப் பிள்ளை உண்டாகியிருக்கிறாள்' என்று சொல்ல மாட்டார்கள். "அவ அங்கி திரும்பி வந்துடுச்சாம்" என்பார்கள், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். ஆண் பிள்ளைகள் மேளம் அடிப்பார்கள், கீபோர்டு வாசிப்பார்கள். அவர்கள் சொந்தச் சட்டைதான் போடுவார்கள், அதனால் அவர்களிடமிருந்து திரும்பி வர எதுவும் இல்லை.

அக்காவும் பல வருஷம் அந்தப் பைகளை வாய் திறக்காமல் வாங்கி வைத்தவள்தான். ரொட்டிக் கடைக்காரர் மகளின் அங்கி வந்தபோதுதான் அவளுக்கு எதுவோ அறுந்துபோனது. வாயாடிப் பெண், அளவெடுக்கும்போது கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரிப்பாள். பதினாறு வயதில் உண்டானாள், குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. தெரிந்தால் அசிங்கம் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து, முடியாத நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. அடக்கத்தன்று பாட்டுக் குழு பாடியது. முன்வரிசையில் நின்ற குட்டிப் பெண், செத்துப்போனவளின் அங்கியைத்தான் போட்டிருந்தாள். அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பிள்ளையைத் தூக்கிப் போன அன்று பிரசவ வார்டில் இருந்த நர்ஸும் அதே சபைதான். பிறகு ஒருநாள் சீருடைக்கு விளிம்பு மடிக்கக் கடைக்கு வந்தவள், ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருக்காமல் இருந்தாள்.

"அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இது எப்படி ஆச்சுன்னே எனக்குத் தெரியாதுக்கா'ன்னு சொல்லுச்சு. நெஜமாவே தெரியலை. ஞாயித்துக்கிழமை அவ பாடுறதை முன்னாடி உட்கார்ந்து கேட்டவதான் நான். நானும் ஒரு வார்த்தை சொன்னதில்லை."

அக்கா மிஷினை நிறுத்தினாள். "நான் துணி வெட்டித் தச்சேன். நீ பிரசவம் பார்த்த. ரெண்டு பேரும் காரியம் முடிஞ்சப்புறம் வர்ற ஆளா இருக்கோம்."

இரண்டு பேரும் போதகரிடம் போனார்கள். சபையிலேயே ஒரு வகுப்பு, சனிக்கிழமை, பெண் பிள்ளைகளுக்கு மட்டும், நர்ஸ் பேசுவாள் என்று கேட்டார்கள். போதகர் நல்ல மனுஷர். யார் மனமும் கோணக் கூடாது என்பதிலேயே தலை நரைத்தவர். "ஜெபிப்போம்" என்றார். எதிர்த்து நின்றது பெயிண்ட் கடை முதலாளி. சபையின் மூப்பர் அவர். கூரைக்குத் தகரம் வாங்கிப் போட்டதும் அவர்தான், அதனால் அவர் வார்த்தைக்கு எடை அதிகம்.

"பூட்டுன வீட்டுக்குள்ள எப்படி நுழையறதுன்னு நாமளே வகுப்பு எடுக்கிறதா சகோதரி?" என்றார்.

"வீட்டுக்குள்ள இருக்கிற பிள்ளைக்குத்தான் ஐயா சொல்றோம். யார் தட்டினா திறக்கக் கூடாதுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?" என்றாள் அக்கா.

மூப்பர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா விடவில்லை. அவள் கடைக்கு அளவு கொடுக்க வராத தாய் கிடையாது. கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் மனுஷி எங்கே ஓட முடியும்? தோளை அளந்தபடி ரொட்டிக் கடைக்காரர் மகளைப் பற்றிப் பேசுவாள், இடுப்பை அளந்தபடி வகுப்பைப் பற்றிப் பேசுவாள். சிலர் முறைத்தார்கள். சிலர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். ஆனால் ஒரு வருஷத்துக்குள், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பத்துப் பதினைந்து தாய்மார் சேர்ந்து போதகர் முன்னால் போய் நின்றார்கள். அத்தனை பேரின் மனமும் கோணக் கூடாதே என்று போதகர் சம்மதித்தார்.

வகுப்பு சபையின் பின்னறையில் நடந்தது. நர்ஸ் பூசி மெழுகிப் பேசவில்லை. உடம்பு எப்படி வேலை செய்கிறது, குழந்தை எப்படி உண்டாகிறது, ஒருத்தன் பிரியமாகப் பேசினாலும் பயமுறுத்தினாலும் எப்படி மறுப்பது, மறுத்தும் கேட்காவிட்டால் யாரிடம் ஓடி வருவது என்று எல்லாவற்றையும் பச்சையாகச் சொன்னாள். முதலில் பிள்ளைகள் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்து சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு அடங்கியது. அப்புறம் கேள்விகள் வந்தன. இத்தனை நாள் இந்தப் பிள்ளைகள் எதையெல்லாம் நம்பிக்கொண்டு நடமாடினார்கள் என்று அந்தக் கேள்விகளைக் கேட்ட பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

பொடிசும் பாட்டுக் குழுவில் இருந்தாள், முதல் நாளே வந்து வாசலில் நின்றாள்.

"நானும் உள்ள உட்காரட்டா அத்தை?"

அக்கா நர்ஸைப் பார்த்தாள், சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள், பொடிசைப் பார்த்தாள். குளிப்பாட்டித் தலைவாரி விட்ட பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பேச்சையெல்லாம் எப்படிக் கேட்பது? அவளுக்கு முகம் சுட்டது.

"உனக்கு இப்ப எதுக்கு? சின்னப் பொண்ணு நீ. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். டீக்குப் பால் அடுப்புல இருக்கு, பொங்கிடப் போகுது, போ."

பொடிசை விட ஒரு வயது சின்னவள் உள்ளே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அது அக்காவின் கண்ணில் படத்தான் செய்தது. ஆனாலும் நம்ம பிள்ளை வேறு, நம்ம கண்ணுக்கு முன்னால் வளர்கிற பிள்ளை, நேரம் வரும்போது நாமே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் பொடிசு டீ போட்டாள். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, "பாட்டுப் பயிற்சிக்கு நேரமாச்சு அத்தை" என்று மேடைப் பக்கம் போய்விடுவாள். சபைக்குள்ளேதானே போகிறாள் என்று அக்காவும் தலையை ஆட்டுவாள், மற்றப் பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் இருக்கும்போது அங்கே என்ன பயிற்சி என்று கேட்கத் தோன்றவில்லை. ஊரில் உள்ள தாய்மாருக்கெல்லாம் புத்தி சொன்னவள் அவர்கள் செய்த அதே தப்பைச் செய்தாள்.

அந்த வருஷம் பை எதுவும் கடைக்கு வரவில்லை. வருஷாந்திரக் கூட்டம் நெருங்கியது. கடையின் திரைக்குப் பின்னால் ஒவ்வொரு பிள்ளையாக நிற்க வைத்து அக்கா அங்கியைச் சரிபார்த்தாள். எல்லோரும் போன பிறகு கடைசியாகப் பொடிசு. அங்கி தோளில் சரியாக உட்கார்ந்தது. வயிற்றுப் பக்கம் பொத்தான் எட்டவில்லை.

அக்கா டேப்பைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள். பிறகு டேப்பை விட்டுவிட்டு, உள்ளங்கையை அந்த வயிற்றின் மேல் வைத்தாள். பொடிசு அசையாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"கீபோர்டு அண்ணன்."

பத்தொன்பது வயதுப் பையன். பாட்டுக்கு ராகம் சொல்லிக் கொடுப்பவன். மூப்பர் வீட்டு மாடியில் தங்கி, அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுபவன்.

"பிடிச்சுத்தான் போனியா?"

"முதல்ல பேசுறது பிடிச்சிருந்துச்சு. அப்புறம் பிடிக்கலை. வேண்டாம்னு சொன்னா பாட்டுக் குழுவுல இருந்து எடுத்துடுவேன்னு சொன்னாரு." பொத்தான் எட்டாத அங்கியை இழுத்து விட்டுக்கொண்டாள். "மாசக் கணக்குத் தப்பினப்போ சாப்பாடு சரியில்லைன்னு நினைச்சேன் அத்தை. எனக்கு ஒண்ணும் தெரியலை."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். ரொட்டிக் கடைக்காரர் மகள் நர்ஸின் கையைப் பிடித்துச் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு வாசலில் நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நர்ஸ் வந்து பார்த்தாள். மாதம் ஏறிவிட்டது, ரத்தம் ரொம்பக் குறைவு, உடம்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்றாள். அக்கா காவல் நிலையத்துக்குப் போனாள். போலீஸ் வந்து விசாரித்தபோது பையன் இல்லை. எங்கே போனான் என்று சபையில் யாருக்கும் தெரியவில்லை. முந்தின நாள் வரை அவனுக்குச் சோறு போட்ட வீட்டுக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் கலையாமல் உட்கார்ந்தார்கள். மூப்பர் எழுந்தார். வருத்தமான குரலில்தான் பேசினார்.

"நான் அப்பவே சொன்னேன். யாரும் கேட்கலை. எந்த அம்மா இந்த வகுப்பை நடத்தினாங்களோ, அவங்க வளர்த்த பிள்ளையே இன்னைக்கு இந்த நிலைமையில இருக்கு. கண்டதைக் கேட்டா பிள்ளைங்க கண்டதைத்தான் செய்யும். வகுப்பை இன்னையோட மூடிடலாம்."

ஆண்கள் பக்கம் தலைகள் ஆடின. வகுப்பு வேண்டுமென்று போதகர் முன்னால் கூட்டமாகப் போய் நின்ற தாய்மாரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வகுப்பு நடத்தியவள் வீட்டுப் பிள்ளையே இப்படி என்றால் எந்தத் தாய்க்குத்தான் கிலி பிடிக்காது?

அக்கா எழுந்து நின்றாள். பேசாமல் இருந்துவிடலாம். இருந்துவிட்டால் பழி வகுப்பின் மேல் போகும், அவள் மேல் கொஞ்சம் பரிதாபமாவது மிஞ்சும். வாயைத் திறந்தால் மிஞ்சுவதும் போய்விடும். ஆனால் வகுப்பை மூடினால் மறுபடி பைகள் வர ஆரம்பிக்கும்.

"அவ அந்த வகுப்புல உட்காரலை" என்றாள்.

யாருக்கும் சட்டென்று புரியவில்லை.

"பாட்டுக் குழுவுல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களும் உட்கார்ந்துச்சு. உட்காராத ஒரே பிள்ளை என் பிள்ளைதான். உட்காரட்டான்னு கேட்டா. நான்தான் டீ போடச் சொல்லி அனுப்பிட்டேன். எனக்கு வெட்கமா இருந்துச்சு." தாய்மார் பக்கம் திரும்பினாள். "உட்கார்ந்த பிள்ளைங்க அங்கி ஒண்ணுகூட என் கடைக்கு வரலை. உங்க பிள்ளைங்களைக் காப்பாத்துனதை என் பிள்ளைக்கு நான் கொடுக்கலை. மூடணும்னா என்னை வெளியே போகச் சொல்லி மூடுங்க. வகுப்பை மூடாதீங்க."

பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். ரொட்டிக் கடைக்காரரின் மனைவி. மகள் போனதிலிருந்து சபையில் வாய் திறக்காதவள். "வகுப்பு இருக்கட்டும்" என்று உட்கார்ந்தபடியே சொன்னாள். மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு பிழைத்தது, அக்காவும் பொடிசும் தப்பவில்லை. அக்கா இனி வகுப்புப் பக்கம் வரக் கூடாது, நர்ஸும் போதகர் மனைவியும் நடத்திக்கொள்ளட்டும் என்று முடிவானது. பொடிசின் அங்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் முடிவானது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அக்காவின் கையிலேயே கொடுத்தார்கள். அண்ணன் வந்தான், மகளைப் பார்த்தான், தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், மாதம் இரண்டாகியும் வரவில்லை. பொடிசின் பள்ளிக்கூடமும் நின்றது. ராத்திரி அவள் புரண்டு படுத்தால்கூட அக்கா எழுந்து உட்கார்ந்துகொள்வாள். ரொட்டிக் கடைக்காரர் மகளின் முகம் வந்து வந்து போகும்.

பொடிசுக்கு எட்டு மாதம் ஆனபோது குழுவுக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். பன்னிரண்டு முடிந்து சில மாதம் இருக்கும், கையெல்லாம் ஈர்க்குச்சி. பொடிசின் அங்கியை அக்கா பிரித்துத் துவைத்து, அந்தப் பிள்ளையின் அளவுக்குத் தையல் ஓட்டி வைத்திருந்தாள். சரிபார்க்கத் தாய் கூட்டி வந்தாள். திரைக்குப் பக்கத்தில், வீங்கின காலைப் பலகையின் மேல் நீட்டியபடி பொடிசு ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். வந்த தாய் அவள் முகத்தையும் பார்க்காமல், வயிற்றையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினாள்.

அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, முட்டி போட்டு, அங்கியின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் முடிச்சுக் கொடுங்கக்கா. சனிக்கிழமை நர்ஸம்மா வகுப்புக்கு இவளையும் வரச் சொல்றாங்க" என்றாள் அந்தத் தாய். "நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். இவளுக்கு எதுக்கு இப்பவே அதெல்லாம்? சின்னப் பொண்ணு. அடுத்த வருஷம் போகட்டும்."

அக்காவின் கை நின்றது. வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் பொடிசு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, தலையைத் தூக்கி அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க அத்தையும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள்.